மாமி முக்கி வைத்த மஞ்சள் பெல்ட்

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது கராத்தே படிக்கப் போகிறதுகளா? எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது. போன மாதம் பரீட்சை என்று தரையில் கால் பாவவில்லை. உடுப்பு பிளாஸ்டிக் கவரில் மடித்து வந்தது, பெல்ட் தனிக் கவரில் வந்தது, ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாருக்கும் ஒரு சர்ட்டிபிகேட்டும் ஒரு துண்டு கேக்கும். அது வந்து முழங்காலுக்குக் கீழே நீலமாய்க் கன்னிப்போன இடத்தைக் காட்டி, "ஆன்ட்டி, எனக்க பாடு பாத்தியளா?" என்று பெருமையாய் நெளிந்தது. என் கையிலிருந்த சாயா கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. "ஒரு பாட்ட கண்டதுக்கா இப்பிடி?" என்று அதன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்கு என்ன தெரியும். உங்களுக்குச் சொன்னால் தெரியும், நாம் ஒரே காலத்தில் முளைத்தவர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன ஆகுமோ ஏது ஆகுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம். அந்த வருஷம் நாங்கள் மஞ்சள் பெல்ட் பரீட்சைக்குத் தயாரானோம். பரீட்சை வருவதற்குள் மாமி மகன் செத்துப்போனான். அவனை அடித்துக் கொன்றது என் அக்கா என்று மாமி சொன்னாள். ஊரும் அதையே சொன்னது. அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

புதுக்கடைக்குப் போகிற ரோட்டிலிருந்து சரிவில் இறங்கினால் எங்கள் தென்னை விளை. ஒரே விளையில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. ஒரு வீடு எங்களுடையது. இன்னொன்று மாமியுடையது. மாமி என்றால் அப்பாவுக்கு நேரே இளைய தங்கச்சி. அப்பா துபாயில். மாமா கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டப் போனவர், சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார், திங்கள் விடியும்போது போய்விடுவார். அவர் வந்தால் வாசலிலேயே தெரியும், அப்படி ஒரு புளித்த ரப்பர் நாற்றம். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டே சுடுவெள்ளம் கோரிக்கொடுப்பாள். அவர்களுக்கு ஒரே மகன். அக்காவுக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. முறைப் பையன் வேறு, கேட்கவா வேண்டும்? கிணற்றடிக்கு வருகிற பெண்கள் எல்லாம் அவர்கள் இருவரையும் போட்டு ஓட்டுவார்கள்.

கராத்தே எங்கள் ஊருக்கு வந்தது மாஸ்டர் என்கிற ஆளோடு. பகலில் ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர், சாயங்காலம் கராத்தே. பம்பாயில் படித்தேன் என்பார். முந்திரிப் பருப்பு ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். அப்படி ஒரு அண்டி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அதன் சிமெண்டுக் களத்தில்தான் வகுப்பு. எத்தனை மழை பெய்தாலும் அந்தத் தரையில் வறுத்த தோட்டின் வாடை போகாது. ஒரு மணி நேரம் குதித்துவிட்டு வந்தால் உள்ளங்கால் கறுத்திருக்கும், உமியும் சோப்பும் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. இன்றைக்கும் யாராவது முந்திரி வறுத்தால் என் வாய் தானாக "இச்சி, நீ, சான், சி" என்று ஜப்பான் பாஷையில் எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

பெண்பிள்ளைகளை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. அப்பா துபாயிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார் இல்லையா, அதில் ஒரு கேசட்டில், "பொட்டப்பிள்ளைய தைரியமா வளத்தணும், அனுப்பு" என்று சொல்லிவிட்டார். அம்மா கேசட்டை நிறுத்திவிட்டு டேப்ரிக்கார்டரைப் பார்த்தே திட்டினாள். "அங்க இருந்து பறைய நல்ல சொகந்தான். இங்க காலு ஒடிஞ்சா நானாக்கும் தூக்கிட்டு ஓடணும்." திட்டினாலும் அனுப்பினாள். அக்காவைத் தனியாக அனுப்ப மாட்டாளே, காவலுக்கு நான். எனக்கு ஒன்பது வயது, நான் காவல்!

உடுப்பு ஒரு கூத்து. புதுக்கடை பேக்கரியில் மைதா வரும் துணிச் சாக்கை வாங்கி, வெளுத்து, அம்மாதான் எல்லாருக்கும் தைத்தாள். மெஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது. எத்தனை வெளுத்தாலும் மில்லுக்காரன் அடித்த சீல் போகாது. அக்காவின் முதுகில் ஒரு நீலச் சேவல் நின்றது. மாமி மகனுக்கு எழுத்து வந்து பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது. அவன் குனிந்து கும்பிட்டால் பின்னால் நிற்கிறவன் "நயம் மைதா" என்று வாசிப்பான், வரிசையே கெட்டுப்போகும். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை கழிந்ததும் பரீட்சை என்று மாஸ்டர் சொன்னார். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய மாஸ்டர் வருவாராம். மஞ்சள் பெல்ட் கடையிலிருந்து வரும் என்று நம்பமுடியாது, அதனால் ஆளுக்கொரு வெள்ளை பெல்ட் கூடுதலாகத் தைத்து மஞ்சள் சாயம் முக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜெயித்தவர்களுக்கு அதையே நான் கட்டிவிடுகிறேன் என்றார். அம்மா தைத்தாள். சாயம் மாமியின் பொறுப்பு. தன் வீட்டுப் பின்னால் விளைந்த மஞ்சளை இடித்து, செம்புப் பானையில் காய்ச்சி, இரண்டு பெல்ட்டையும் ஒரே பானையில் முக்கினாள். எனக்கு இல்லை, நான் இன்னும் வெள்ளைதான், ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தேன். மஞ்சளும் ஆவியுமாக மாமியின் கை முழங்கை வரை தங்கமாய் இருந்தது. "வெயிலில போட்டா நெறம் போவும்" என்று சொல்லி வீட்டுக்குள் கொடி கட்டி நிழலில் உணத்தினாள். "ஏட்டி, இது ஒனக்கு, இது அவனுக்கு. ரெண்டுபேரும் ஒண்ணா கெட்டிட்டு வந்து நிக்கணும், நான் பாக்கணும்" என்று அக்காவின் கன்னத்தில் மஞ்சள் கையை வைத்தாள். அந்த விரல் அடையாளத்தோடுதான் அக்கா மறுநாள் பள்ளிக்கூடம் போனாள்.

பரீட்சையில் கஷ்டம் எது தெரியுமா? சோடி. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் குத்த வர, மற்றவர் கையால் தட்டிவிட்டு, திருப்பி நெஞ்சுக்கு நேரே குத்த வேண்டும். ஆனால் தொடக்கூடாது. சட்டைக்கு ஒரு விரல் முன்னால் கை நின்றுவிட வேண்டும். தொட்டால் தோல்வி. "அடிக்க எந்த மடையனுக்கும் தெரியும். நிறுத்தணும். அதாக்கும் கராத்தே" என்பார் மாஸ்டர். உயரம் பார்த்து அக்காவையும் மாமி மகனையும் சோடி சேர்த்தார்.

அக்கா அந்த நிறுத்தலைப் படித்த படிப்பு இருக்கிறதே! கிணற்றுக் கப்பியில் நூல் கட்டி அதில் ஒரு வாழைச் சருகைத் தொங்கவிடுவாள். அதைப் பார்த்துக் குத்துவாள். சருகு காற்றுக்கு ஆடலாம், கை பட்டு ஆடக்கூடாது. காலையில் பல் தேய்க்கும் முன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மழையில் நனைந்துகொண்டும். "வெள்ளம் கோர விடுவியாட்டி, இல்ல சருகுகூட சண்ட போட்டுட்டே நிப்பியா?" என்று அம்மா குடத்தோடு நின்று கத்துவாள். கடைசியில் சருகு ஆடவே ஆடாது. அத்தனை வேகமாகப் போகிற கை, யாரோ பிடித்து நிறுத்தினதுபோல நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. அந்த மாதம் முழுக்க என் அக்கா படித்தது அடிக்க அல்ல, தொடாமல் இருக்க.

இனி அந்தப் பாடுகளைச் சொல்ல வேண்டும். கராத்தே பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் நீலப் பாடு விழும். எங்களுக்கு அது மெடல் மாதிரி. வகுப்பு முடிந்ததும் களத்து ஓரம் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டி யாருக்குப் பெரியது என்று பார்ப்போம். எல்லா நாளும் ஜெயிக்கிறவன் மாமி மகன். அவனுக்கு வந்த பாடு போல யாருக்கும் வரவில்லை. கருநீலம், ஓரம் பச்சை, சில இடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. எங்கே பட்டது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது, "வந்துது" என்பான். எனக்கு அப்படி ஒரு பொறாமை. என் காலை நானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். ஒருநாள் மாஸ்டர் வரிசையை நிறுத்தி அவன் காலைக் காட்டி, "பாருங்கலே, இவனாக்கும் உழைக்கிறவன்" என்று கை தட்டச் சொன்னார். தட்டினோம். கடவுளே, நாங்கள் எல்லாரும் சேர்ந்து கை தட்டினோம்.

காலையில் உமிக்கரி போட்டுப் பல் தேய்த்தால் அவன் துப்புவது சிவப்பாய் இருக்கும். "உமி குத்திச்சு" என்பான். சரிவு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவான். "ஏல, எஸ்டேட்டுக்காரனுக்க மவன் மலையேற மாட்டானா?" என்று அக்கா கையைப் பிடித்து இழுப்பாள். முகம் வெளுத்திருந்தது. மாமிகூட, "வெயிலு படாததுனால பய வெளுத்திட்டான், கலரு வச்சிட்டான்" என்று சந்தோஷப்பட்டாள். எங்களுக்கு எல்லாமே கண்முன்னால் இருந்தது. ஒருத்தருக்காவது கண் இருந்ததா?

அது ஒரு வியாழனோ வெள்ளியோ, மழை விட்டிருந்தது. சோடி நடக்கிறது. அவன் குத்த வந்தான், அக்கா தட்டினாள், திருப்பிக் கை விட்டாள், கை நின்றது. ஆனால் அவன் நிற்கவில்லை. கால் துவண்டு முன்னால் ஒரு ஆட்டம் ஆடினான். நின்ற கையில் அவன் நெஞ்சு வந்து பட்டது. பட்டது என்றுகூடச் சொல்லமுடியாது, சட்டை உரசிய சத்தம்தான். அவன் துள்ளி, "தொட்டுட்டே! தோத்துட்டே!" என்று சிரித்தான். அக்கா அழுதுவிட்டாள். நிறுத்தமுடியாமல் போய்விட்டதே என்று. வீடு வரும் வரை அவன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். "ஏட்டி, நானாக்கும் ஆடினேன். பரிச்சைக்கு ஆட மாட்டேன், கேட்டியா? ஆடினா நீ எனக்க காத பிச்சுக்க."

மறுநாள் குளிக்க வைக்கும்போது மாமி அவன் நெஞ்சைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது.

"ஏல, இது என்னது?"

"இதா?" அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "இது அவ குத்துனது. கொள்ளாம் இல்லியா?"

பெருமையாகச் சொன்னான் மக்கா. தன்னோடு சோடி சேர்ந்தவள் எப்படிப்பட்டவள் என்று தாயிடம் பீற்றிக்கொண்டான். அந்த ஒரு பேச்சுதான் பிறகு அக்காவுக்கு எதிரான சாட்சி ஆனது.

அன்று சாயங்காலமே காய்ச்சல். அடுத்த நாள் மூக்கில் ரத்தம். வேறு ஊர் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். நம் பக்கம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நெஞ்சில் குத்து பட்டு ரத்தம் வந்தால் வர்மம். வர்ம அடி அன்றைக்கே தெரியாது, நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்பார்கள். அதற்கு ஆசான்தான் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே ஒன்று சொல்வார்கள், வர்மம் கொண்ட உடம்பில் ஊசி ஏறினால் ஆள் போய்விடும். மாமி அதை வேதம் போல நம்பினாள். என் அம்மாவும் நம்பினாள், பொய் சொல்லமாட்டேன். அம்மாதான், "ஊசி மட்டும் போட்டுராதிய மைனி" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ஆசான் வீடு அக்கரை விளையில், வாய்க்கால் தாண்டி. மாமா எஸ்டேட்டில், அந்தச் சனிக்கிழமை வரவும் இல்லை. மாமி பன்னிரண்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கும். தினமும் போனாள், தினமும் வந்தாள். ஆசான் சுக்கை மென்று காதில் ஊதினார், முதுகில் தட்டினார், தைலம் போட்டுத் தடவினார், கஷாயம் கொடுத்தார், உப்பில்லாத கஞ்சி பத்தியம் என்றார். தடவின இடமெல்லாம் புதுப் பாடு விழுந்தது. "வெசரத்தம் வெளிய வருது" என்று மாமி எங்களிடம் வந்து தைரியமாய்ச் சொன்னாள்.

ஒருநாள் ஆசானே மாமி வீட்டுக்கு வந்தார். அடி எப்படிப் பட்டது என்று பார்த்தால்தான் வர்மத்தை இளக்க முடியும், அடித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார். அக்கா போனாள். நான் பின்னால் போனேன். முற்றத்தில் ஆசான் எதிரே நின்று, "காட்டு மக்களே" என்றார். அக்கா கால் வைத்தாள், கை விட்டாள். அவர் வேட்டிக்கு மேலே வெற்று நெஞ்சுக்கு ஒரு விரல் முன்னால் கை நின்றது. ஆசான் அந்தக் கையையே பார்த்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தானா?"

"ஆமா."

"தொட்டுதா?"

அக்கா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணால் சிரித்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அக்காவுக்குப் பொய் வராது.

"தொட்டுது" என்றாள்.

எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மாமி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆசானைக் குறை சொல்லமாட்டேன். அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ அவரே, "இது எனக்க கையில நிக்கது மாதிரி தோணல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சொன்னாராம். மாமி கேட்கவில்லை. "ஊசி போட்டு எனக்க பிள்ளைய கொல்லவா?" என்று அவர் காலைப் பிடித்தாள். அடுத்த சனிக்கிழமை மாமா வந்து பார்த்த பிறகுதான் ஜீப் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வாயிலிருந்தும் ரத்தம். டாக்டர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார், மாமா தலையாட்டினார். மறுநாள் மத்தியானம் அதே ஜீப் திரும்பி வந்தது. சரிவில் இறங்காமல் ரோட்டிலேயே நின்றது. மாமியின் சத்தம்தான் முதலில் இறங்கி வந்தது.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்கள். இடுப்பில் மஞ்சள் பெல்ட். மாமியே கட்டியிருந்தாள், முடிச்சு தப்பாய் இருந்தது. மாஸ்டர் மூலையில் நின்று அந்த முடிச்சையே பார்த்து அழுதார், சரிபண்ணப் போகவில்லை. அக்கா உள்ளே வந்தாள். கூட்டம் வழி விட்டது. மாமி எழுந்தாள்.

"கொன்னுட்டு பாக்க வந்தியாட்டி? போதுமா? எனக்க முற்றத்தில இனி உனக்க காலு படப்பிடாது. நான் செத்தாலும் வரப்பிடாது."

அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. கிணற்றுப் பக்கம் நின்று மணி அடிப்பதைக் கேட்டோம். கப்பியில் வாழைச் சருகு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை அறுத்துக் கிணற்றில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு பரீட்சை நடந்ததாம். அம்மா எங்கள் உடுப்புகளைத் தையல் பிரித்து, தலையணை உறையாகத் தைத்துவிட்டாள். துணியைச் சும்மா போட அவளுக்குக் கை வராது. நீலச் சேவல் அக்காவின் தலையணைக்கே வந்தது. அவள் அதன்மேல் தலை வைக்காமல் பல நாள் வெறும் பாயில் கிடந்தாள். கிணற்றுக்கு நடுவே ஓலை வேலி வந்தது. மாமி பக்கம் ஒரு கப்பி, எங்கள் பக்கம் ஒரு கப்பி, வெள்ளம் மட்டும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அக்காவோடு யாரும் சேர்ந்து உட்காரமாட்டார்கள். "கை வைக்காதலே, செத்துருவே" என்று பையன்கள் ஓடுவார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையை அவளிடம் கொடுக்கமாட்டார்கள். அவளும் கேட்கமாட்டாள். இந்த வயது வரை அவள் யாரையும் ஒரு தட்டுத் தட்டி நான் பார்த்ததில்லை. தான் பெற்ற பிள்ளைகளைக்கூட.

அப்படிப்பட்டவள் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். படித்தாள், குவைத் போனாள், கல்யாணம் கழித்தாள், பிள்ளைகளைக் கரையேற்றினாள். போன வருஷம் வேலை முடிந்து ஊருக்கே வந்துவிட்டாள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. மாமி மட்டும் அந்த வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். கண் புகைந்து, நினைவு தப்பி, முதுகெல்லாம் படுக்கைப்புண். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. சபைக்காரர்கள் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு காலையில் அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேலியில் இருந்த ஓட்டை வழியாகப் போனாள். "வரப்பிடாதுன்னு சொன்னவுங்க வீடாக்கும்" என்றேன். "நர்ஸு எங்கயும் போலாம்" என்றாள். மாமிக்கு ஆள் தெரியவில்லை. "யாரு? சிஸ்டரா?" என்றாள். அக்கா, "ஆமா அம்மா, சிஸ்டர்தான்" என்றாள். அன்று முதல் தினமும் போகிறாள். புண்ணைக் கழுவுவாள், மருந்து வைப்பாள், தலை சீவி விடுவாள். துணைக்கு நானும் போவேன். இப்போதும் காவல்.

முதுகைக் கழுவும்போது மாமி பேசுவாள். "சிஸ்டருக்கு தெரியுமா, எனக்க மவன கொன்னது எனக்க அண்ணனுக்க மவளாக்கும். நெஞ்சில குத்துனா. கண்ணுமுன்னால வச்சு வளத்தேன் அந்த பிசாச." அக்கா துணியைப் பிழிந்து, "ஆமா அம்மா. கொஞ்சம் திரும்புங்க" என்பாள். எத்தனை தடவை! எனக்கு ரத்தம் கொதித்தது. ஒருநாள் தாங்கமுடியாமல் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"நீ நர்ஸுதானே? அந்த நீலப் பாடு, பல்லு ரத்தம், வெளுத்த மொகம். அது என்ன தீனம்னு எனக்கே டி.வி. பாத்து தெரிஞ்சு போச்சு. ரத்தத்தில வந்த புத்துநோய். உனக்கு தெரியாதா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்ப?"

"ரெண்டாம் வருஷம் படிக்கும்போ. பிள்ளைகளுக்க வார்டுல ஒரு பயலுக்கு விரிப்பு மாத்தினேன். காலு பாத்தேன். அவனுக்க காலு மாதிரியே இருந்துது. டாக்டர்ட்ட கேட்டேன், சொன்னாரு. பாத்ரூமுல போயி இருந்து அழுதேன்."

"இத்தன வருஷம்! ஊரு முழுக்க கொலகாரின்னு... ஏன் சொல்லல்ல? ஓடி வந்து மாமி மொகத்தில சொல்லியிருக்கணும்!"

"என்னன்னு சொல்ல?" அவள் குரல் உயரவே இல்லை. "நான் கொல்லல்ல மாமி, நீங்க ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவல்ல, ஆசான் வீட்டுக்குத் தூக்கிட்டு நடந்திய, தைலம் போட்டு தடவ விட்டியன்னா? அப்ப கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பானான்னு எனக்கு தெரியாதுட்டி. அந்த காலத்தில பாதிப்பேரு பிழைக்கல்ல. ஆனா மாமி அப்பிடி நெனைக்குமா? இடுப்பில வச்சு நடந்த அம்மயாக்கும். அது எனக்க மேல கோவப்பட்டுட்டு இருக்கட்டும். கோவம் இருந்ததுனாலதான் இம்புட்டு நாள் உயிரோட கெடக்குது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. வாளியில் வெள்ளம் கோரினாள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மாமிக்கு அன்று முகம் தெளிந்திருந்தது. அக்கா ரவிக்கை மாற்றிக்கொண்டிருந்தாள். மாமி திடீரென்று அவள் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டரே, அந்த பெட்டிய தொறங்க."

கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. நான்தான் திறந்தேன். கல்யாணச் சேலை, மாமாவின் வேட்டி, அடியில் பழைய துண்டில் பொதிந்து ஒரு சுருள். பிரித்தேன். வெளிப்பக்கம் எல்லாம் வெளுத்துச் சாம்பலாய் இருந்தது, மடிப்புக்குள்ளே மட்டும் மஞ்சள். எங்கள் அம்மாவின் தையல்.

"மஞ்சளு இருக்கா? நெழலுல உணத்துனதாக்கும்" என்றாள் மாமி. "அது அண்ணனுக்க மூத்தவளுக்கு உள்ளது. ரெண்டு பேருக்கும் ஒண்ணா முக்குனேன். அவன் கெட்டிட்டு போயிட்டான். அவ வாங்க வரவே இல்ல." உதடு கோணியது. "எப்பிடி வருவா? வராதேன்னு நானாக்கும் சொன்னேன். சின்னப் பிள்ளையிட்ட போயி சொன்னேன்."

அக்காவின் மறு கை ரவிக்கைக் கொக்கியில் அப்படியே நின்றது. சருகுக்கு முன்னால் நின்றதுபோல.

"நான் போன பெறவு அவ வந்தா, சிஸ்டரு குடுத்திரணும். கேட்டியளா? வந்த பிள்ளைய சாப்பிடாம விட்டிராதிய. பசி தாங்க மாட்டா அவ."

"விடமாட்டேன் மாமி" என்றாள் அக்கா.

அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து மாமி என்று வந்துவிட்டது. மாமி அதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. பிடித்த கையை விடவில்லை.